இரண்டு திரைகளில் உன் வீடு

மச்சான்,

இன்று காலை பழைய கணினியை எழுப்பினேன். சூடேறிய தூசியும் வாவி உப்பும் கலந்த அந்த மணம் பெட்டியின் பின்னாலிருந்து வந்தது. வாழைச்சேனைக் கடையில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்து நீயும் நானும் வீட்டுப் படம் வரைந்த நாட்களின் மணம். உடனே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கடல் எழும்பி வந்து போன பிறகு, கல்குடாவிலிருந்து இங்கு வரை நம் கை படாமல் ஒரு சுவர் எழும்பவில்லை. வாவி நண்டுகூட வளை தோண்டுமுன் நம்மிடம் பிளான் கேட்டு வரிசையில் நின்றது. இதில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். நண்டு வரிசையில் நிற்கவில்லை, கதிரையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

நாட்டில் ஒரு யுத்தம் நடக்க, கடைக்குள் நாம் வேறொன்றை நடத்தினோம். உன் கணினியில் இலவசமாய்க் கிடைத்த வரைபட மென்பொருள். என்னுடையதில் மலிவு விலைக்கு வாங்கியது. நான் அதை மகாராணி என்பேன். உன்னுடையதற்குப் பிச்சைக்காரி என்று நாமம் சூட்டியதும் நானே.

"உன்ட பிச்சைக்காரிக்குத் தமிழே தெரியாது மச்சான். குசினி எண்டு அடிச்சா கட்டம் கட்டமாக் காட்டுறாள். ஒரு வீட்டைத் திறக்க நான் தேத்தண்ணி குடிச்சு, குளிச்சிட்டும் வரலாம்."

"அவள் ஆறுதலாத்தான் திறப்பாள். ஆனா ஒண்டையும் விடமாட்டாள். உன்ட மகாராணி தனக்கு விளங்காத கோட்டை முழுங்கிப்போட்டுச் சும்மா இருப்பா."

நீ சொன்னது உண்மைதான். ஆனாலும் அளவுகளை ஒழுங்காக எழுதுவதிலும், தாளில் சரியான அளவுக்கு அச்சிடுவதிலும் மகாராணியை வெல்ல ஆளில்லை. அந்தப் பெருமையைக் காட்டத்தான் ஒரு நாள், நீ கல்குடா மீனவர் ஒருவருக்கு வரைந்த படத்தை என் கணினியில் திறந்து அச்சிட்டேன்.

தாள் வெளியே வந்தது. அறைகளுக்குள் பாய்கள். நான்கு பாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தலையணை.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுத்தான் நாம் வரையத் தொடங்குவோம். அந்த மனிதர் முதலில் "ஏழு" என்றார். பிறகு நிலத்தைப் பார்த்து "மூண்டு" என்றார். அக்காலத்தில் எல்லோருமே இப்படித்தான் இரண்டு தடவை எண்ணினார்கள். நான் இரண்டாவது எண்ணை மட்டும் எழுதுவேன். நீ இரண்டுக்கும் வரைந்திருக்கிறாய். போனவர்களுக்கு ஒவ்வொரு படத்திலும் தனியாக ஒரு லேயர், கண்ணாடித் தாள் போல மேலே விரித்து, கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைத்திருக்கிறாய். மூடியதை மகாராணி திறந்து காட்டுவாள் என்று நாம் இருவருமே அறிந்திருக்கவில்லை.

படம் வாங்க வந்திருந்த மீனவர் தாளை வாங்கினார். அடுப்பு வரைந்த குசினியின் வாசலில் கிடந்த சின்னப் பாயின் மேல் விரலை வைத்தார்.

"சின்னவள் இதிலதான் படுப்பாள். உங்களுக்கு ஆர் சொன்ன?"

எவரும் சொல்லவில்லை. நீ தலையைச் சொறிந்தாய். "அந்த இடம் வெறுமையாக் கிடந்திச்சு ஐயா."

ஆயிரம் யானைகள் வந்தாலும் அசையாத என் நெஞ்சு அன்று அசைந்தது. உன்னிடம் அதைப் பற்றி நான் கேட்கவேயில்லை. வாய் ஓயாத நான், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

யுத்தம் முடிகிற வருடம் நீ அச்சுத் தாள் வாங்கப் போனாய். ஓட்டமாவடியில் நீ பொலன்னறுவை பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் உண்டு. இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை.

உன்னைத் தேடி உன் தங்கச்சி ஏறாத படியில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கும்படி அரசாங்கக் கந்தோரில் சொன்னபோது, "ஆள் செத்தாத்தானே எடுக்கிற" என்று எழும்பி வந்துவிட்டாள். பிறகு வீடு கட்ட வேண்டும் என்று உன் கணினியைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். போவதற்கு முந்தின கிழமை நீ வரைந்து வைத்த உங்கள் வீடு அதில் இருந்தது. அவளுக்கொரு அறை, உனக்கொரு அறை.

அந்த மூடிய லேயர் இதிலும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், கல்குடாக் கதையை நீயே சொல்லியிருக்கிறாய்.

"திறங்க அண்ணா."

முதலில் மகாராணியில் திறந்தேன். தங்கச்சியின் அறைச் சுவரோரம் ஒரே ஒரு பாய். கடல் கொண்டுபோன உங்கள் அம்மாவுடையது. தங்கச்சி மூச்சு விட்டாள்.

"அவர்ட மெஷினிலயும் பாப்பம்."

உன் பிச்சைக்காரி ஆறுதலாகத்தான் திறந்தாள், மூடிய லேயரை நானே விரித்தேன். அம்மாவின் பாய் வந்தது. பிறகு உன் அறையில், வாசலுக்கு நேரே, இன்னொன்று வந்தது. நீளமான பாய். உன் உயரத்துக்கு.

கடைக்கு வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. தங்கச்சி இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதில ரெண்டு. அதில ஒண்டு. எது சரி அண்ணா?"

மச்சான், உனக்குத்தான் தெரியுமே, மூன்று உலகத்திலும் என்னைப் போல் புளுகக்கூடியவன் இல்லை. ஆனாலும் அன்று அவள் முகத்தைப் பாராமல், திரையைப் பார்த்தபடிதான் சொன்னேன்.

"காசு குடுத்து வாங்கினதுதான் சரி, தங்கச்சி. சும்மா கிடைச்சது இப்படித்தான், இல்லாததெல்லாம் காட்டும்."

அவள் மகாராணி அச்சிட்ட தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

வீடு எழும்பிவிட்டது. உன் அறைக்கு வாவிப் பக்கம் ஜன்னல் வைத்தாள். உன் சேர்ட்டுகளை அங்கே கொடியில் போட்டிருக்கிறாள். நான் அடிக்கடி போவேன். அந்த அறைக்குள் நுழைந்தால் என் கால் நேரே போகாது. வாசலுக்கு நேரே, படத்தில் உன் பாய் கிடந்த இடத்தில், வெறும் சீமெந்துத் தரைதான், ஆனாலும் சுவரோரமாகச் சுற்றித்தான் ஜன்னலடிக்குப் போவேன். ஒருமுறை அவள் கேட்டாள்.

"என்ன அண்ணா, சுத்திப் போறீங்க?"

"முழங்கால் வாதம்."

இன்றும் அப்படித்தான் நடக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோணல் நடை.

போன கிழமை நான் அந்த ஜன்னலடியில் இருக்க, அவள் தேத்தண்ணி கொண்டு வந்தாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு சுவரோரமாகச் சுற்றி வந்து கோப்பையை என் கையில் தந்தாள்.