ஏழாவது கேள்வியும் நாலாவது கட்டமும்

அன்பு மகள் பெகிமாய்க்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம், மாடுகள் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் பாதி நலம். மாஸ்கோ குளிரில் நீ காதை மூடிக்கொண்டு போகிறாய் என்று தெரிந்தால் மீதிப் பாதியும் சரியாகிவிடும் என்கிறாள். போனில் பேசாமல் இவர் ஏன் காகிதத்தைத் தூக்கிவிட்டார் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். ஊர்க் கமிட்டிக்கு நான் தலைவரானதுதான் உனக்குத் தெரியுமே. பழைய கம்பளிக் கிடங்கு சும்மா பூட்டிக் கிடக்கிறது, அதை என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து சொல்ல நரின் நகரத்திலிருந்து நாலு காலேஜ் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். தங்க இடமும் சாப்பாடும் கமிட்டி பொறுப்பு. அதனால் நான்தான் அவர்களுக்குப் புரவலராம், கேட்டதும் மீசை தானாக நிமிர்ந்துகொண்டது.

அந்த மீசை அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. குழுவுக்குத் தலைவி ஜீபெக் என்று ஒரு பெண், உன் உயரம்தான், உன் வாயும்தான். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்ன என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். நானும் கொட்டை எழுத்தில் "தையல் கூடம்" என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, ஐயா, கேள்வி எழுதச் சொன்னா பதிலை எழுதியிருக்கீங்களே, எல்லாம் முடிவு பண்ணியாச்சுன்னா எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க, ஒரு தச்சரைக் கூப்பிட்டிருக்கலாமே என்றாள். அடுப்படியிலிருந்து உன் அம்மா, அவருக்கு ஊர்னாலே ஒரே ஒரு பொண்ணுதாம்மா, அவ மாஸ்கோவுல கோட்டு தைக்கிறா என்று போட்டு உடைத்துவிட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இங்கே இந்த மாதிரி வேலை இருந்தா வந்துடுவேன்ப்பா என்று ஆறு வருஷத்துக்கு முன் போனில் ஒரு தடவை சொன்னாய், நினைவிருக்கிறதா? அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் கிடங்கின் கூரையை மனதிலேயே நாலு தடவை மாற்றிவிட்டேன்.

அப்புறம் திட்டத்தைப் புதிதாகப் போட்டார்கள். நாற்பது வீடு, வீட்டுக்குப் பதினைந்து நிமிஷம், இரண்டே நாளில் முடித்துவிடுவோம் என்று எல்தியார் என்ற பையன் கட்டம் கட்டமாக வரைந்தான். உன் அம்மா சிரித்த சிரிப்பில் கெண்டி தளும்பியது. பதினஞ்சு நிமிஷத்துல நம்ம ஊர்ல ரொட்டியே பிட்டு முடியாது தம்பி என்றாள். அவன் கேட்கவில்லை. முதல் நாள் மூன்று வீடு முடித்து, மூன்று வீட்டிலும் இறைச்சி தின்று, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு தள்ளாடி வந்தான். இப்போது திட்டத்தில் "தேநீர்" என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, இரண்டு நாள் பன்னிரண்டு நாளாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் பாதிக் கதைதான், போனவர்களையும் கேட்க வேண்டும் என்கிறாள் ஜீபெக். நானே போனில் கேட்டு எழுதித் தருகிறேனே என்றேன். வேண்டாங்கய்யா, உங்க பொண்ணு நீங்க சந்தோஷப்படுற பதிலைத்தான் சொல்லும் என்றாள். அதனால்தான் போன் பண்ணாமல் இந்தக் கடிதம், கூடவே அவர்களுடைய கேள்வித் தாள். பெயர் எழுத வேண்டாம், அவர்கள் விலாசம் எழுதிய உறை உள்ளே இருக்கிறது, என் கைக்கு வராது. ஏழாவது கேள்வி, ஊரில் என்ன இருந்தால் திரும்பி வருவீர்கள் என்பது. முதல் கட்டம் தையல் கூடம், அடுத்தது பிள்ளைகள் பள்ளி, மூன்றாவது மருத்துவ அறை, நாலாவது "எது இருந்தாலும் வரமாட்டேன்". அந்த நாலாவதை எடுக்கச் சொல்லி நான் இரண்டு நாள் சண்டை போட்டேன். அது இல்லேன்னா மத்த மூணையும் நம்ப முடியாதுங்கய்யா என்றாள். கடைசியில் கமிட்டி முத்திரையை என் கையாலேயே குத்திக் கொடுத்தேன்.

அப்பா மனசு நோகுமே என்று பார்க்காதே பெகிமாய். தையல் கூடம் கட்டி அதில் யாரும் உட்காரவில்லையென்றால் ஊருக்குத்தான் நஷ்டம், நான் தாங்கிக்கொள்வேன். அம்மா பின்னிய காலுறையை, மாஸ்கோவுக்கு வரும் நம் ஊர் சபார் கையில் கொடுத்திருக்கிறேன், போட்டுக்கொள். நம் பெரியவர்கள் வாழ்த்துகிற மாதிரி, நீ போகும் வழியெல்லாம் வெள்ளை வழியாக, தடையில்லாத நல்ல வழியாக இருக்கட்டும். உறையைப் பதினைந்தாம் தேதிக்குள் தபாலில் போட்டுவிடு. நாலாவது கட்டத்தில் குறி போட்டிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே.

உன் அப்பா,
மெதர்பெக்