எட்டாம் வகுப்பு எடுத்த கணக்கு

ஜூன் 5, வியாழன்

காலையிலிருந்து காற்று. தெமோதரையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குடை தலைகீழ். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் பாதித் தூரம் குடையோடு மல்லுக்கட்டல்.

பள்ளிக்கூட அதிபர் முகம் சரியில்லை. அடுத்த வெள்ளி வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறாராம். தரம் 6 முதல் 9 வரை தவணைப் பரீட்சைப் புள்ளிகள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, பெற்றோர் என்ன வேலை, எல்லாம் வேண்டுமாம்.

"பிள்ளைங்க கொறஞ்சுக்கிட்டே போகுது டீச்சர். மேல் வகுப்புகள டவுன் ஸ்கூலோட சேத்துருவாங்களோன்னு பயமா இருக்கு."

டவுனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பாதிப் பிள்ளைகள் நின்றுவிடும்.

என் கணிதப் புள்ளிகள்: பெண்கள் பரவாயில்லை. பையன்கள்... விடுவோம்.

வாங்க: குக்கர் வாஷர், சிவப்புப் பேனை, தேங்காய்.

ஜூன் 6, வெள்ளி

தரம் 8. பாடம் சலாகை வரைபு, பட்டை பட்டையாக அளவு காட்டும் படம். புத்தகத்தில் பழக்கடை உதாரணம். ஒருவரும் கேட்கவில்லை. தினேஷ் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கீழே போகும் ரயிலை எண்ணிக்கொண்டிருந்தான். சட்டென்று ஒரு யோசனை. அதிபருக்கு வேண்டிய கணக்கை இவர்களே எடுத்தால் என்ன?

வகுப்பு விழித்துக்கொண்டது. ஹரிணிதான் தலைவி. யாரும் நியமிக்கவில்லை, தானே ஆகிவிட்டாள். போயா பௌர்ணமி லீவில் லயம் லயமாக வீட்டு வரிசைகளுக்குப் போய்க் கேட்பதாக முடிவு.

"அப்பா குடிக்கிறாரான்னும் கேக்கவா டீச்சர்?" தினேஷ்.

"வேண்டாம்."

ஜூன் 11, புதன்

பிரிஸ்டல் போர்ட், கலர் பேனை, பசை, சண்டை. வகுப்பு முழுக்கக் கடதாசித் துண்டு.

பெற்றோர் வேலையில் கொழுந்து பறிக்கிறவர்களின் சலாகைதான் கூரையைத் தொடும் என்று நினைத்தேன். இல்லை. கொழும்புக் கடை, கார்மெண்ட்ஸ், த்ரீவீலர், வெளிநாடு, எல்லாம் கொழுந்துக்குப் பக்கத்தில் தோளுரசி நிற்கின்றன. ஒருத்தியின் அப்பா எல்ல டவுனில் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி சுடுகிறார். மடுல்சீமைத் தோட்டத்தில் நான் படித்தபோது எங்கள் வகுப்புக்கு ஒரே சலாகை போதுமாக இருந்திருக்கும்.

அப்போது ஹரிணி: "டீச்சர், ஸ்கூலுக்கு வராதவங்கள எந்தச் சலாகையில போடுறது?"

"யாரு வராதவங்க?"

"தர்ஷினி."

ஏப்ரல் லீவுக்குப் பிறகு அவள் வரவில்லை. அம்மாவோடு கொழும்புக்குப் போய்விட்டாள் என்றுதான் நம்பியிருந்தேன். போனது அம்மா மட்டுமாம், வீட்டு வேலைக்கு. இவள் தோட்டத்தின் மேல் டிவிஷனில், கடைசி லயத்தில், தம்பியைப் பார்த்துக்கொண்டு.

"ஏன்டி இத்தன நாளா சொல்லல?"

"நீங்க கேக்கலயே டீச்சர்."

வகுப்பு முழுவதற்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

பள்ளி விட்டதும் மேல் டிவிஷன். ஹரிணி முன்னால். ஏற்றத்தில் செருப்பு வார் அறுந்தது. அவளே ஊக்கு குத்திக் கொடுத்தாள்.

தர்ஷினி வாசலில், தம்பி இடுப்பில். என்னைக் கண்டதும் உள்ளே ஓடித் தலை வாரிக்கொண்டு வந்தாள். தம்பி கொழுகொழு. என் ஹேண்ட்பேக்கைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பினான்.

அவள் அப்பா தோட்டத்து ஃபாக்டரியில் வேலை முடிந்து வந்தார். மரியாதையாகப் பேசினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"கைப்புள்ளைய யாருங்க டீச்சர் பாக்குறது?"

"புள்ளக் காம்பராவுல விடலாமே?" வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் இடம் அது.

"அது பொம்பளைங்க கொண்டுவிடுற எடங்க. அவ அம்மாதான் இப்ப தோட்டத்துல இல்லையே."

"கேட்டுப் பாத்தீங்களா?"

தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாக, "காலையில பெரட்டுக் களத்துல அம்புட்டுப் பொம்பளைங்க வேலைக்கு நிப்பாங்க. அவங்க முன்னாடி புள்ளையத் தூக்கிட்டு எப்பிடிங்க போறது?"

இவ்வளவுதானா! சிரிப்பு வந்தது, அடக்கினேன். உள்ளே அடுப்பை ஊதி எனக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த தர்ஷினியைப் பார்த்ததும் சிரிப்பு தானாகப் போய்விட்டது.

இறங்கும் வழியில் காம்பராவுக்குள் நுழைந்து விஷயத்தைச் சொன்னேன். பொறுப்பாக இருப்பவர் சரோஜா அக்கா.

"அப்பன் தோட்டத்துலதானே வேல செய்றான்? அது போதும். தூக்கிட்டு வரச் சொல்லுங்க டீச்சர். எவ சிரிக்கிறான்னு நான் பாக்குறேன்."

அங்கிருந்தே தர்ஷினியின் அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அக்கா பேசினார். பேசினார் என்ன, ஏசினார்.

ஜூன் 13, வெள்ளி

அதிகாரி வந்தார். வாகனம் பாதியில் நின்றுவிட்டதால் நடை. சப்பாத்தெல்லாம் செம்மண். யாழ்ப்பாணத்துக்காரர். தரம் 8 சுவரில் ஒட்டியிருந்த வரைபுகளைக் காட்டினார்.

"இதை ஆர் கீறினது?"

"நாங்கதான் சேர்!" பையன்கள் மட்டும் கத்தினார்கள். ஹரிணியின் பார்வையில் தீ.

ஆண், பெண் புள்ளி வரைபின் முன் நின்றார். "பொடியள் ஏன் கணக்கில இவ்வளவு குறைவு?"

தினேஷ் எழுந்தான். "சேர், பொம்பளப் புள்ளைங்க வீட்டுலயே இருக்காங்க, படிக்கிறாங்க. நாங்க கிரவுண்டுக்குப் போறோம்."

"பொய் சேர்! நாங்க தண்ணி எடுத்து, சமைச்சு, பாத்திரம் கழுவி, அப்பறம்தான் படிக்கிறோம்." ஹரிணி.

"அப்ப பொடியளும் தண்ணி அள்ளினாப் புள்ளி கூடும் போல."

வகுப்பு வெடித்தது. தினேஷும் சிரித்தான், காது சிவக்க.

ஓரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒற்றைச் சிறு சலாகை. கீழே 'வராதவர்'. அது யார் என்று கேட்டார். ஹரிணி சொன்னாள். அதிகாரி பெயரைக் குறித்துக்கொண்டார்.

டவுன் பாடசாலையோடு சேர்க்கும் விஷயம்? "பாப்பம்" என்றார். அதிபர் காதில் அது 'சேர்க்க மாட்டோம்' என்று விழுந்திருக்கிறது. எல்லாருக்கும் வடை வாங்கித் தந்தார். என் காதில் 'பாப்பம்' என்றுதான் விழுந்தது. ஆனாலும் இரண்டு வடை சாப்பிட்டேன்.

குக்கர் வாஷர் இன்னும் வாங்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

தர்ஷினி வந்தாள்!

யூனிஃபார்ம் குட்டையாகிவிட்டது. இரட்டைப் பின்னல், புது ரிப்பன். ஹரிணி தன் பக்கத்தில் இருந்தவளை நகர்த்திவிட்டு இடம் கொடுத்தாள்.

அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக் களத்தைக் கடந்தாராம். "அண்ணே, எங்க புள்ளையையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க!" என்று கொழுந்துப் பெண்கள் ஒரே கூச்சல். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டம். தம்பி மட்டும் அத்தனை பேருக்கும் டாட்டா காட்டிக்கொண்டே போனானாம். தர்ஷினி சொல்லி முடிப்பதற்குள் வகுப்பில் பாடம் போய்விட்டது.

அடக்குவதற்கு ஒரு சின்ன டெஸ்ட். தர்ஷினி பத்துக்கு மூன்று. தினேஷ் இரண்டு.

"டீச்சர், ஏப்ரல்லருந்து வராதவளே என்னய விடக் கூடவா!"

அவள் கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது.

மணி அடித்தும் போகாமல் மேசைப் பக்கம் நின்றாள். தம்பியை அப்பா கூட்டிப் போவாராம்.

"டீச்சர், மிச்ச ஏழு கணக்கையும் இன்னிக்கே சொல்லித் தாறீங்களா?"

ஏழும் முடிவதற்குள் என் பஸ் போய்விட்டது.