எந்தப் பாசி?

நிலவு, தென்முனை நிலையம். பதிவு செய்பவர்: செலின் மோத்தா, நுண்பாசி ஆய்வாளர்.

நாள் 41. 09:10
குளிர்விப்பான் ஒழுகி, உர உப்பு முழுக்க வீண். எங்கள் மூச்சுக்காற்று இரண்டு தொட்டி நுண்பாசியிலிருந்து வருகிறது. அந்த உப்புதான் அதற்குச் சாப்பாடு. நல்லவேளை, சோதனைக்கென்று பாம்பனிலிருந்து கொண்டுவந்த காய்ந்த கடல்பாசி இரண்டு மூட்டை இருக்கிறது. ஊறவைத்து வடித்த சாற்றைத் தொட்டிகளில் ஊற்றினேன்.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரத்தின் பெயர் எடுபிடி. பெயர் சொல்லிப் பழக்கினால்தான் அதற்குப் புரியும். தொட்டிகளில் 'பாசி ஒன்று', 'பாசி இரண்டு' என்று ஒட்டினேன். மூட்டைகளில் 'பாம்பன்'.

இங்கே என்னைத் தவிர இருப்பவர் பொறியாளர் சூசையண்ணன் மட்டும். கால் முறிந்து படுத்திருக்கிறார். வாய் முறியவில்லை. தொட்டியின் கடல் வாடைக்கு மீன்குழம்பு கேட்கிறார்.

நாள் 46. 11:30
பச்சை நன்றாக அடர்ந்துவிட்டது. உப்பில் வளர்ந்ததைவிட வேகம். எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். அண்ணனிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டிவிட்டேன்.

நாள் 49. 16:05
சாற்றில் வெண்படலம். கிருமி. கரியமிலவாயு ஏறுகிறது, தலை கனக்கிறது. பூமியிலிருந்து, மண்டபம் கடல்பாசி ஆய்வகத்தின் பிலோமினா அக்கா அனுப்பிய செய்தி:
"பச்சையா ஊறவச்சா அப்படித்தான் ஆகும். இனிமே பாசிய கால் மணி நேரம் கொதிக்க விட்டு, அப்புறம் வடிகட்டு."
எடுபிடியிடம் சொல்லிவிட்டேன்: பாசியைக் கால் மணி நேரம் கொதிக்க வை. நிற்க முடியவில்லை. படுக்கிறேன்.

நாள் 49. 18:20
கொதிக்க வைத்துவிட்டது. பாசி ஒன்று, பாசி இரண்டு. தொட்டி கழுவும் சூடேற்றியைப் போட்டு, சரியாகக் கால் மணி நேரம். உள்ளே இருப்பது பழுப்புக் கஞ்சி.
அதன்மேல் தப்பே இல்லை. பாசி என்றால் தொட்டி என்று பழக்கியவள் நான். மூட்டையை நினைத்துக்கொண்டு பாசி என்றேன். எங்கள் ஊரில் இரண்டுக்கும் அந்த ஒரே பெயர்தானே.

நாள் 50. 10:00
குளிர்பெட்டியில் ஒரு குடுவை விதைப்பாசி மிச்சம். அது தொட்டிகளை நிறைக்கப் பதினைந்து நாள் ஆகும். உருளைகளில் காற்று இருவருக்கு ஒன்பது நாள், ஒருவருக்குப் பதினெட்டு. மீட்புக்கலம் வர முப்பது.
அண்ணனிடம் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, வெளியே போக வேண்டியவளும் நான். எடுபிடிக்கு எல்லா வேலையும் பழக்க இரண்டு நாள் போதும். பயமாக இருக்கிறது. இதைக் கண்டெடுப்பவர்கள் என்னைத் தைரியசாலி என்று எழுதிவிட வேண்டாம்.

நாள் 52. 07:15
பழக்கி முடித்துவிட்டேன். விண்ணுடை மாட்டப் போனேன். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. அண்ணன் படுக்கை காலி.
வானொலியில் பதிவாகியிருப்பது, 05:40:
"செலின், எடுபிடிகிட்ட கேட்டேன். அது ஒளிக்காம சொல்லிருச்சு. நீ அழாதம்மா. எனக்குப் பாசி வளக்கத் தெரியாது, உனக்குத் தெரியும். அவ்ளோதான் விசயம். இங்க எடை கம்மி, ஒத்தக் காலே போதும், நல்லாத்தான் நடக்குறேன். கதவத் தொறந்து என்னயத் தேடாத. காத்து வீணாப்போகும்."
கூப்பிட்டேன். மறுபடியும்
கூப்பிட்டேன்

நாள் 66. 09:10
இரண்டு தொட்டியும் பச்சை. திரை சொல்கிறது: காற்று, இருவருக்குப் போதும்.
பதினான்கு நாளாக எடுபிடியிடம் நான் பேசவில்லை. சாறு முழுவதையும் என் கையாலேயே காய்ச்சினேன். இன்று இரண்டு கையிலும் குடுவை. பாசியைக் கொதிக்க வை என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நிறுத்த ஓடினேன்.
அது அசையாமல் நின்றுகொண்டிருந்தது. திரையில்:
"எந்தப் பாசி? கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று பழக்கியவர்: சூசை மிக்கேல். நாள் 52. நேரம் 05:20."