செருப்புக்கடை மாடியில் ஜோடிப் பாட்டு

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நலம்தானே? மூட்டுவலி மாத்திரையை நிறுத்திவிடாதே. நான் சுகம், ஓரிடத்தில் உட்காரத்தான் முடியவில்லை.

நம் செருப்புக்கடை மாடியில் ஒரு ராக் குழு ஒத்திகை பார்க்கிறது. அந்தக் காலத்து நடனப் பாட்டுகளை டிரம்ஸும் கிதாருமாக அடித்து நொறுக்குகிறார்கள். சண்டை போடத்தான் மாடி ஏறினேன்.

"அண்ணே, இது ஜோடியா ஆடுற பாட்டு. நாங்க வேகத்த மட்டும் கூட்டிட்டோம்" என்றான் டிரம்ஸ்காரன். "ஆமா, உங்க ஜோடி எங்கண்ணே?"

"ஊர்ல. இந்த நாட்டுல கடை நிலைக்கட்டும், அப்புறம் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கேன்."

"எத்தன வருஷமா?"

"ஆறு."

அவன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.

இறங்கி வந்து, ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டும் இடதுகால் செருப்பாகக் கட்டிக் கொடுத்தேன். பயப்படாதே, சிரித்துக்கொண்டேதான் மாற்றிக்கொண்டு போனார்.

வாசலில் ஆள் நிற்கிறது, முடிக்கிறேன். கடை நிலைத்து மூன்று வருஷமாகிறது, உன்னிடம்தான் சொல்லவில்லை. கோபத்தோடு வந்தாலும் சரி, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிடு.