சாண்ட்பியிலிருந்து ஒரு சுயேச்சை

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கிளினிக்கில் போன் ஓயவில்லை. எங்கள் சாண்ட்பியில் டாக்டரைவிட வரவேற்பு மேசையில் இருப்பவளுக்குத்தான் திட்டு அதிகம். இன்றும் வாங்கினேன். திருப்பியும் கொடுத்தேன்.

வயதான ஐரிஸ் பெல் வந்திருந்தார். வலது கண் போனது போனதுதான் என்று ஆல்டர்டன் நகர ஆஸ்பத்திரியில் முடிவாகச் சொல்லிவிட்டார்களாம். கண்ணில் ஊசி போடக் கொடுத்த நேரமெல்லாம் சாயங்காலம். சாயங்காலம் போனால் சாண்ட்பிக்குத் திரும்ப பஸ் கிடையாது, போன வருடம் நிறுத்திவிட்டார்கள். டாக்சிக்கு வழியில்லை. போகாமலே இருந்திருக்கிறார். என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

"ஏன் சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"உனக்கு ஆயிரம் ஜோலி, கண்ணு."

வீட்டில் க்ளிஃபுக்கு ஒரே உற்சாகம். மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து முதல் முறையாக ஒரு மேயர் வரப்போகிறார், மே மாதம் தேர்தல். நம் கட்சி ஆளை இன்று அறிவித்துவிட்டார்களாம். ஏட்ரியன் ஃபென்விக், வக்கீல். லண்டனிலிருந்து போன வருடம்தான் ஆல்டர்டனில் வீடு வாங்கியவர். தேர்தல் ஏஜென்ட் யார்? என் வீட்டுக்காரன் க்ளிஃப்தான்.

"இனிமே பஸ்ஸெல்லாம் மேயர் கையிலதான். ஐரிஸ் மாதிரி ஆளுங்களுக்காகத்தான் இதெல்லாம்" என்றான், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே.

நம்பினேன். கட்சி நோட்டீஸ் மடித்தே விரல் தேய்ந்தவள். இன்னொரு தடவை மடித்தால் என்ன?

பிப்ரவரி 15, சனி

ஃபென்விக் வந்தார். துறைமுகத்தில் நண்டுப் படகின் முன்னால் படம் எடுத்துக்கொண்டார். கையில் ஒரு நண்டையும் கொடுத்தார்கள். அது என்ன செய்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் வீட்டில் டீ, இஞ்சி கேக்.

பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். "கண்டிப்பா கவனத்துல எடுத்துக்கறேன்" என்று என் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்து அழுத்தினார். நான் பாத்திரம் எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் நடையில் அவர் குரல் —

"இந்த ஊருக்கு இனிமே நேரம் செலவழிக்க வேண்டாம், க்ளிஃப். மொத்த சாண்ட்பியும் ஓட்டுப் போட்டாலும் ஆல்டர்டன்ல ரெண்டு தெருவுக்குக் காணாது."

க்ளிஃப் என்ன செய்தான்? அவர் கோட்டை எடுத்துக் கொடுத்தான்.

பிப்ரவரி 16

மூன்று துண்டு கேக் தின்றார், அந்த மனுஷன்.

பிப்ரவரி 27, வியாழன்

கட்சிக் கிளைக் கூட்டம். "சாண்ட்பிக்கு மாலை பஸ் வேண்டும், நம் வேட்பாளர் அதை எழுத்தில் உறுதி தரவேண்டும்" என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். இத்தனை வருடத்தில் நான் கொண்டுவந்த முதல் தீர்மானம். இதற்கு முன்னால் அந்த அறைக்கு நான் கொண்டுவந்ததெல்லாம் பிஸ்கட் தட்டு.

தலைவர் நாற்காலியில் க்ளிஃப். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல. அடுத்தது."

அடுத்ததாம்!

எழுந்து வந்துவிட்டேன். கடற்கரை ரோட்டில் காற்று ஆளைத் தள்ளியது. குடையை எடுக்க மறந்திருந்தேன், திரும்பிப் போகவில்லை. நனைந்தால் நனைந்துவிட்டுப் போகிறேன்.

க்ளிஃப் வீட்டுக்கு வந்ததும், "விதின்னு ஒண்ணு இருக்கு தெல்மா" என்றான். நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன்.

மார்ச் 4

கிளினிக்கில் ஐரிஸிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

"அப்ப நீயே நில்லேன்."

"எங்க?"

"தேர்தல்லதான். வேற எங்க? மீன் கடை வரிசையிலயா?"

பின்னால் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது படுக்கையில் உட்கார்ந்து எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

ஏன், நின்றால் என்ன?

மார்ச் 8, சனி

சொல்லிவிட்டேன். க்ளிஃப் செய்தித்தாளை மடித்து வைத்தான். அவன் அப்படி மடித்து வைத்தால் கோபம் என்று அர்த்தம்.

"என்னை எதிர்த்தா நிக்கப்போற?"

"உன்ன எதிர்த்து எங்க நிக்கறேன்? நீதான் நிக்கவே இல்லையே. நீ நின்னிருந்தா வீடு வீடா உனக்காகத்தான் போயிருப்பேன்."

"ஊரே சிரிக்கும், தெல்மா."

"சிரிக்கட்டும். சிரிச்சு எத்தனை நாளாச்சு இந்த ஊரு."

"டெபாசிட் போயிரும்."

"அது எங்கம்மா விட்டுட்டுப் போன பணம். அடுக்களைய மாத்தறதுக்கு வெச்சிருந்தேன். பழைய அடுப்பே இருந்துட்டுப் போகட்டும்."

மடித்த செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்தான். பிறகு கேட்டான்: "நான் ஏஜென்ட் வேலைய விட்டுடணும்னு எதிர்பாக்கறியா?"

"இல்ல. ஒத்துக்கிட்ட வேலைய நீ செய். என் வழில மட்டும் நிக்காத."

சண்டைதான். ஆனால் எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை, எழுதி வைக்கிறேன்.

மார்ச் 28

மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. முன்மொழிய நூறு பேர் வேண்டும், மூன்று மாவட்டத்திலிருந்தும் வேண்டும். மற்ற இரண்டு மாவட்டத்தில் எனக்கு யாரைத் தெரியும்? கிளினிக்கில் வந்து திட்டிவிட்டுப் போகிறவர்களுக்கெல்லாம் அங்கே அக்காவும் மச்சானும் இருக்கிறார்கள். "இந்தம்மா கிட்ட நான் மல்லுக்கு நிக்காத நாளே கிடையாது. அதான் சொல்றேன், போடு கையெழுத்த" என்று தன் மச்சானிடம் ஒரு மீன்காரர் எனக்காகப் பரிந்துபேசினார். இதைவிட நல்ல பிரச்சாரம் எனக்கு வராது.

பெயருக்குப் பக்கத்தில் 'சுயேச்சை' என்று அச்சாகப்போகிறது. அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

இடது ஜன்னலில் ஃபென்விக் போஸ்டர். வலது ஜன்னலில் என் போஸ்டர். க்ளிஃபுக்கு இடது, எனக்கு வலது, நடுவில் வாசல் கதவு. தபால்காரர் நின்று இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உள்ள நிலவரம் எப்படி?" என்றார்.

"சாப்பாடு மட்டும் பொது" என்றேன்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் கேமராவோடு வந்தபோது க்ளிஃப் பின்னால் போய்த் தோட்டத்துக் கொட்டகையில் ஒளிந்துகொண்டான். பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஏப்ரல் 11

ஆல்டர்டனில் வீடு வீடாக. பாதிக் கதவு திறக்கவில்லை. திறந்த ஒருவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"இந்த மேயர் எதுக்கு? யாரு கேட்டா? இன்னொருத்தன் உக்காந்து சம்பளம் வாங்கவா?"

"நானும் கேக்கலைங்க. கேக்காமலே ஒருத்தன் வந்து நம்ம தலையில உக்காரப்போறான். அப்ப நம்மளத் தெரிஞ்ச ஆளா இருக்கட்டுமே."

"நீ எந்த ஊரு?"

"சாண்ட்பி."

"அது இன்னும் இருக்கா?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

இருக்குய்யா! இருக்கு! கதவில் கடிதம் போடும் துவாரத்தைத் திறந்து உள்ளே கத்திவிட்டு வந்தேன். வேட்பாளர் செய்கிற காரியமா இது? பரவாயில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ஆல்டர்டன் நகர மண்டபத்தில் வேட்பாளர் விவாதம். கட்சிக்காரர்களுக்கு மட்டும்தான் மேடையில் நாற்காலி. "சுயேச்சைகள் பார்வையாளர் வரிசையில் உட்காரலாம்" என்று சொல்லியிருந்தார்கள். சரி, உட்காரலாம். ஆனால் தனியாக உட்காருவேன் என்று யார் சொன்னது? மத்தியானப் பஸ்ஸில் சாண்ட்பி ஆட்கள் பஸ் நிறைய வந்தோம். ஐரிஸ் கறுப்புக் கண்ணாடியும் நல்ல கோட்டுமாக என் பக்கத்தில்.

ஒரு மணி நேரம் கேட்டோம். வளர்ச்சி, வாய்ப்பு, எதிர்காலம். கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன். மைக் தரவில்லை. எனக்கு எதற்கு மைக்?

"நாங்க சாண்ட்பியிலேர்ந்து வந்திருக்கோம். எங்க கடைசி பஸ் நீங்க பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிருச்சு. இங்க இருக்கற உங்கள்ல யாரு எங்கள வீட்டுக்குக் கொண்டுபோய் விடப்போறீங்க?"

மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஃபென்விக் சிரித்துக்கொண்டே, "டாக்சி கூப்பிடலாமே?" என்றார்.

ஐரிஸ் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நான் கூப்பிடல, தம்பி. அதான் இந்தக் கண்ணு இப்படி ஆச்சு" என்றார். கத்தவில்லை. கடைசி வரிசைவரை கேட்டது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்தது. மேடை காலியானது. நாங்கள் மட்டும் நகராமல் உட்கார்ந்திருந்தோம். காவலாளி விளக்கை அணைக்கவா வேண்டாமா என்று தவித்தான். உண்மையைச் சொன்னால், வயதானவர்களையெல்லாம் அழைத்து வந்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று நான் யோசித்தே வைக்கவில்லை.

அப்போது க்ளிஃப் வந்தான். கையில் கார் சாவி.

"ஐரிஸ், நீங்க முன்னால உக்காருங்க. பின்னால மூணு பேர் ஏறுங்க. மத்தவங்களுக்குத் திரும்பி வர்றேன்."

வாசலில் ஃபென்விக் காத்திருந்தார். அவரை ஏதோ விருந்துக்கு க்ளிஃப்தான் கொண்டுபோய் விட வேண்டும். "க்ளிஃப், நேரமாச்சு" என்றார்.

க்ளிஃப் அவரை அமைதியாகப் பார்த்தான். "டாக்சி கூப்பிடலாமே?" என்றான்.

கார் முழுக்க ஃபென்விக் ஸ்டிக்கர். அந்தக் காரில் என் ஆட்கள். போய் வந்து, போய் வந்து, எல்லோரையும் வீடு சேர்த்தான். கடைசி நடையில் நான். எங்கள் தெரு வந்ததும், "வண்டில பெட்ரோல் தீர்ந்துபோச்சு" என்றான். அவ்வளவுதான்.

ஏப்ரல் 16

கட்சி ஆபீஸிலிருந்து க்ளிஃபுக்குப் போனில் அர்ச்சனை. விலகுகிறாயா என்று கேட்டார்களாம். "எடுத்த வேலைய முடிப்பேன். என் கார்ல யாரு ஏறணும்னு நீங்க சொல்லாதீங்க" என்றானாம். இடது ஜன்னலில் போஸ்டர் அப்படியே இருக்கிறது. மூலை பெயர்ந்திருந்தது. நானே ஒட்டிவிட்டேன்.

மே 1, வியாழன்

தேர்தல். சர்ச் ஹாலில் ஓட்டுச்சாவடி. இருவரும் ஒரே குடையில் போனோம். என் பெயரை அச்சில் எழுத்து எழுத்தாகப் படித்த பிறகுதான் பென்சிலை எடுத்தேன்.

க்ளிஃப் யாருக்குப் போட்டான் என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மே 2, வெள்ளி

தோற்றேன். நான்காவது இடம். டெபாசிட் மட்டும் தப்பியது.

ஃபென்விக்கும் தோற்றார். ஜெயித்தது ஹ்யூ டென்பி, எதிர்க்கட்சிக்காரர், பெரிய விவசாயி. வித்தியாசம் கொஞ்சம்தான். நான் வாங்கிய ஓட்டு அதைவிட அதிகம். அது தெரிந்த நொடியிலிருந்து எல்லாக் கண்ணும் என்மேல். எத்தனையோ தேர்தலில் என் கையால் சாண்ட்விச் தின்றவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

கட்சிப் பொருளாளர் நேராக க்ளிஃபிடம் வந்தார். "உன் பொண்டாட்டிய அடக்கத் தெரியல. மூணு மாவட்டம் போச்சு."

"எனக்குத் தெரியலதான். நீங்க வேணா முயற்சி பண்ணிப் பாருங்க. பக்கத்துலதான் நிக்கறா" என்றான் க்ளிஃப்.

அவர் முயற்சி செய்யவில்லை.

என்னால் போனதாம். அந்த ஓட்டெல்லாம் அவர்கள் பையிலிருந்து நான் உருவிக்கொண்டு வந்ததா? ஒவ்வொன்றும் ஒரு ஆள் நடந்து வந்து போட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்தால் அவர்கள் கேட்டிருக்கலாம். மன்னிப்பா? கேட்கமாட்டேன். சத்தியமாக மாட்டேன்.

காரில் ஏறியதும் க்ளிஃப் சொன்னான்: "சாண்ட்பிப் பெட்டியப் பிரிக்கறப்ப மேஜைக்குப் பக்கத்துல நின்னு பாத்தேன். உன் பேருதான். கட்டுக் கட்டா உன் பேருதான்."

அப்போதுதான் அழுதேன்.

ஜூலை 9

டென்பியும் கவனத்தில் எடுத்துக்கொள்வாராம். இந்தக் 'கவனம்' என்கிற ஊர் எங்கேதான் இருக்கிறதோ, எல்லாவற்றையும் அங்கேயே கொண்டுபோய் வைக்கிறார்கள்.

மேயர் மாதாமாதம் பொதுமக்களைச் சந்திக்கிறார், ஆல்டர்டனில், மாலையில். ஜூனில் போனோம், பஸ் நிறைய. முடிந்ததும் நகராமல் உட்கார்ந்தோம். "உங்கள்ல யாரு எங்கள வீட்டுக்குக் கொண்டுபோய் விடப்போறீங்க?" என்று அதே கேள்வி. அன்று க்ளிஃப் காரை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். தவித்துப்போய் டாக்சிகளைக் கூப்பிட்டார்கள், அவர்கள் செலவில். இன்று மறுபடி போனோம். அவர்களே ஒரு வேனைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள்!

"வேன் ஓட்ட முடியுது. பஸ் ஓட்ட முடியாதா?" என்றேன் டென்பியிடம்.

அந்த மனிதர் காது மடல் சிவந்தது. பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் என்னவோ குனிந்து கேட்டார்.

ஆகஸ்ட் 13

இந்த மாதமும் போனோம். இந்த மாதமும் வேன்.

அக்டோபர் 6, திங்கள்

சாண்ட்பிக்கு மாலை பஸ் ஓடும் முதல் நாள் என்று மேயர் ஆபீஸிலிருந்து படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். டென்பி பக்கத்தில் நின்று நான் சிரிக்க வேண்டுமாம். கிளினிக்கில் காய்ச்சல் கூட்டம், போகவில்லை. ஆறு மாதச் சோதனை ஓட்டம்தான் என்று அடிக்கோடிட்டுச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கிடையாதாம். அதை அடுத்த சந்திப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

க்ளிஃப் மத்தியானமே ஆல்டர்டனுக்குக் கிளம்பிப் போனான். காரை எடுக்கவில்லை, ஏன் என்று சொல்லவுமில்லை. ஏழரைக்குத் திரும்பி வந்தான். ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டான்.

"என்ன ஆச்சு காலுக்கு?" என்றேன்.

"உக்கார இடம் எங்க இருந்துச்சு? வழி முழுக்க நின்னுக்கிட்டே வந்தேன்" என்றான்.