குறை சொல்லாத வாய்

ஜூன் 3

வீட்டை விற்கப் போகிறார்களாம். வீட்டுக்காரர் காலையில் போனில் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். மத்தியானம் புரோக்கர் வந்து நின்றார். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. அவர் படியேறும்போதே அந்தச் சத்தம் கேட்டு எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சாவியோடு யார் படியேறினாலும் இன்னும் அப்படித்தான்.

ஐம்பது வயதிருக்கும். சாவிக்கொத்து என்றே பெயர் வைத்துவிட்டேன். வாய் ஓயாது. ஈரம் பூத்த சுவரைத் தட்டி, "குளுகுளுன்னு இருக்கும்மா, ஏசியே வேணாம்" என்கிறார். ஒரு ஆள் திரும்ப முடியாத குளியலறை "அடக்கமா" இருக்கிறதாம். நான் அடுப்படியில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அறை அறையாகப் போட்டோ எடுத்தார். எதிலும் விழாமல் ஒதுங்கிக்கொண்டேன். அது போதும் என்று நினைத்தேன்.

ஜூன் 5

போதவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை பார்க்கிறவள் போனை நீட்டினாள். "இது உங்க தெருதானே? மாடி வீடு விலைக்கு வருது பாரு." அவள் தள்ளத் தள்ள எங்கள் சமையலறை, எங்கள் ஜன்னல், எங்கள் கட்டில். கட்டிலின்மேல் என் மகள் குட்டியின் போர்வை. நல்ல வெளிச்சத்தில், விரித்தபடி, ஒவ்வொரு துண்டும் தெரிய.

குட்டியின் அப்பாவுடைய பழைய சட்டைகளை வெட்டி நான் தைத்த போர்வை அது. நீலக் கோடு, சாம்பல் கட்டம், பை கிழிந்த பழுப்பு. வீட்டை விட்டுக் கிளம்பின அன்று குட்டி அதைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவருக்கு வீட்டு விளம்பரம் பார்ப்பது ஒரு வியாதி. வாங்க வக்கில்லாவிட்டாலும், சாப்பிடும்போது ஒரு கையில் போன். எவள் வீட்டுச் சமையலறையையோ காட்டி என் சமையலறையைத் திட்டுவார். "விளங்குதா?" என்று ஒரு கேள்வி. அப்புறம் தட்டு பறக்கும். இப்போது எந்த ஊர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ.

'அவர்' என்றே எழுதுகிறது கை. பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

ஜூன் 6

சாவிக்கொத்துக்குப் போன் செய்து, கட்டில் படத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன்.

"அந்தப் படம்தாம்மா தூக்கிக் குடுக்குது. வெளிச்சம் அள்ளுது. அதைப் போய் எதுக்கு எடுக்கணும்?"

"பொண்ணு படுக்குற இடம். கண்ணு பட்டுடும்."

சிரித்தார். எடுக்கிறேன் என்றார்.

உண்மைக் காரணத்தை ஏன் சொல்லவில்லை? சொல்லிப் பட்டது போதும். இதற்கு முன்பு இருந்த வீட்டில் வீட்டுக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவளும் கூடச் சேர்ந்து அழுதாள். அடுத்த வாரம் அவளே அவனுக்குப் போன் போட்டு முகவரியைக் கொடுத்தாள். "புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும், சேர்ந்து வாழப் பாரும்மா." நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்தில்தான் மழை வந்தால் என் இடது மணிக்கட்டு வலிக்கிறது.

போர்வையை மடித்து அலமாரிக்குள் திணித்தேன். குட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஜூன் 9

ஒரு கணவன் மனைவி வீடு பார்க்க வந்தார்கள். நான் நிற்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல் சாவிக்கொத்து பேசுகிறார். "குடியிருக்கறது ஒரே ஒரு அம்மா, சின்னப் பொண்ணோட. வீட்டுக்காரர் கூட இல்ல. கண்ணாடிக் கடையில வேலை. சொன்னா மறுநாளே காலி பண்ணிடும், பிரச்சனையே வராது."

வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? ஊருக்கே தம்பட்டம் அடிக்கிற வாய்.

வந்த அம்மா எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தாள். அவர்கள் போனதும், "இவங்க வாங்குவாங்க பாரும்மா. வாங்கறவங்க குழாயத் திறப்பாங்க, வேடிக்கை பாக்க வர்றவங்க ஜன்னலத் திறப்பாங்க" என்றார். நான் எங்கே கேட்டேன்.

ஜூன் 11

படம் இன்னும் இருக்கிறது.

ஜூன் 12

எடுத்துவிட்டார். எத்தனை பேர் பார்த்த பிறகு?

ஜூன் 16 - கடையின் பின்னறை

லென்ஸ் தேய்க்கிற அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன் போலிருக்கிறது. குட்டி பக்கத்தில் உடைந்த பிரேம்களை வைத்து விளையாடுகிறாள்.

காலையில் சாவிக்கொத்து போன் செய்தார். "வெளியூர் பார்ட்டிம்மா, சாயங்காலம் நாலு மணிக்கு. தனியாத்தான் வர்றாரு. வேற வீடும் காட்டறேன்னா வேணாங்கறாரு, இது ஒண்ணுதான் பாக்கணுமாம். சிரிப்பா வந்துச்சு, வார்த்தைக்கு வார்த்தை 'விளங்குதா, விளங்குதா'ன்னு, வாத்தியார் மாதிரி..."

அவன்தான். வேற யாரு.

"அண்ணா, என்னப் பத்தி அவர்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"குடித்தனம் இருக்குன்னு மட்டும் சொன்னேன். ஏம்மா?"

"அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க. எம் பொண்ணு இருக்கறதையும் சொல்லாதீங்க."

அந்த மனுஷன் ஒரே வார்த்தையில் பேச்சை முடித்து இன்றுதான் பார்த்தேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். வரவேண்டாம் என்று சொல்லச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்றால் அவனுக்குச் சந்தேகமே தீர்ந்துவிடும். உள்ளே இருப்பது நான்தான் என்று தெரிந்துவிடும்.

பள்ளிக்கு ஓடி, வயிற்றுவலி என்று பொய் சொல்லிக் குட்டியை அழைத்து வந்தேன். "அப்பா வந்துட்டாரா?" என்றாள். ஒன்பது வயசுக்கு எப்படித் தெரியுது? என் மூஞ்சிலயே எழுதியிருக்கா?

போர்வை அலமாரிலயே இருக்கு. அவளோட பழைய ஷூ வாசல்ல கிடக்கு. அதையாவது எடுத்திருக்கலாம். புத்தி எங்க போச்சு எனக்கு?

நாலு அடிச்சாச்சு. என் உயிரு, எம் பொண்ணு உயிரு, ரெண்டும் இப்ப அந்த ஓட்டை வாய்க்குள்ள இருக்கு.

மணி ஆறு. கடை வாசல்ல சாவிச் சத்தம். கூட யாரு வர்றது -

ஜூன் 17

சாவிக்கொத்து தனியாகத்தான் வந்தார். நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. கடைத் தோழி வீட்டில் தங்கியிருக்கிறோம்.

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"குழாயையும் திறக்கல, ஜன்னலையும் திறக்கல. நேரா படுக்கை ரூமுக்குப் போயி, 'போட்டோல ஒரு போர்வை இருந்துச்சே, எங்க'ன்னான். நீ அந்தப் படத்தை எடுக்கச் சொன்னே. இவன் அந்தப் படத்தையே கேக்கறான். வீடு வாங்க வந்தவன் போர்வையக் கேப்பானா? அப்பவே விஷயம் புரிஞ்சுபோச்சு தங்கச்சி."

போர்வை பழைய சாமான் கடையில் கட்டிலோடு வந்தது, மூட்டைப்பூச்சி, எரித்துவிட்டோம் என்றாராம். வாசலில் கிடக்கிற ஷூ யாருடையது என்று கேட்டிருக்கிறான். "எந் தங்கச்சி மகளுது. கூடப் பொறந்தவதான் இங்க குடியிருக்கா. மாப்பிள்ளை போலீஸ்ல இருக்காரு." அலமாரிக் கைப்பிடியில் அவன் கை போயிருக்கிறது. "திறக்காதீங்க, கீல் போச்சு, கதவு கால்ல விழும்."

அதோடு விட்டாரா? சுவர் முழுக்க ஈரமாம். குளியலறைக்குள் பாம்பு வந்ததாம். பத்திரத்தில் வழக்கு நடக்கிறதாம். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், இந்த வீடு வேணாம், விளங்குதான்னு நானும் ஒரு தடவ கேட்டு வெச்சேன்." அவனோடு கூடவே போய் பஸ் ஏற்றி, பஸ் கிளம்புகிற வரை நின்றுவிட்டுத்தான் கடைக்கு வந்திருக்கிறார்.

எந்த வீட்டுக்கும் ஒரு குறை சொல்லாத மனுஷன். கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நம்பினானா? பாதி வழியில் இறங்கித் திரும்பி வரமாட்டான் என்று யார் சொன்னது?

ஜூன் 18

கதவைத் தட்டினார்கள். பால்காரர்.

ஜூன் 20

குழாயைத் திறந்த அம்மாதான் வீட்டை வாங்குகிறாள். எப்படியும் காலி செய்தே ஆகவேண்டும். சாவிக்கொத்து ஊரின் மறுகோடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறார். விளம்பரத்துக்கே போகாத வீடு. புது வீட்டுக்காரரிடம் என்னைப் பற்றி என்னவெல்லாம் அளந்துவிட்டாரோ என்று பயம். கேட்டேவிட்டேன்.

"தங்கச்சின்னு சொன்னேன். வேற என்ன சொல்லணும்?"

வீட்டைக் காட்டும்போது வழக்கமான புராணம் எதுவும் பாடவில்லை. சமையலறையில் மட்டும் நின்று மேலே கையைக் காட்டினார். "மழை பெஞ்சா இந்த மூலையில ஒழுகும்மா. முன்னாடியே சொல்லிடறேன். மத்தபடி பின்வாசல் இருக்கு, அது தனித் தெருவுல திறக்கும்."

பின்வாசல் வேண்டும் என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை.

ஜூலை 8

காலையிலிருந்து நல்ல மழை. மணிக்கட்டு வலி. முன்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன், பின்வாசலையும் பார்த்தேன், திரும்ப வந்து முன்கதவையும் பார்த்தேன். பயம் எங்கேயும் போய்விடவில்லை. குட்டி போர்வையைச் சுற்றிக்கொண்டு என் பின்னாலேயே நடந்தாள்.

சமையலறை ஒழுகியது. சாவிக்கொத்து காட்டிய அதே மூலையில். வாளியை வைத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

"ஒழுகுதுண்ணா."

அந்தப் பக்கம் சாவிகள் குலுங்கின. எனக்கு வயிற்றைக் கலக்கவில்லை.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேம்மா."

"ஆமாண்ணா, சொன்னீங்க."