பாழாய்ப்போன பதினோரு தொடர்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. உன் உடம்பும் உன் அகராதியும் எப்படி இருக்கின்றன? சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவாய் என்று அப்பா உன்னை 'அகராதி பிடித்தவன்' என்று திட்டுவார். அவர் வாய் முகூர்த்தம், இன்றைக்கு அகராதி அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கிறாய்.

உன் கடிதத்தில் இரண்டு சேதிகள் இருந்தன. ஒன்று, கெட்டுக் குட்டிச்சுவராவதைப் பற்றிய ஆங்கில மரபுத்தொடர்களையெல்லாம் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது. இன்னொன்று, என் கல்யாணத்துக்கு நீ வரப்போவதில்லை என்பது. முதல் சேதியை ஆறு பக்கம் எழுதியிருந்தாய், இரண்டாவதை நாலு வரியில் முடித்துவிட்டாய். போனில் கேட்டால் மழுப்புவாய், அதனால் நானும் கடிதத்திலேயே, அதே வரிசையில் பதில் சொல்கிறேன்.

நீ அனுப்பிய பதினோரு தொடர்களையும் கேன்டீனில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். தொழிற்சாலையில் முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு ஆக வேண்டும். இங்கே ஆறு பெண்கள் வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, இங்கிலீஷ்காரர்கள் எப்படியெல்லாம் கெட்டுப்போனார்கள் என்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தொழிலோ குடும்பமோ சீரழிந்தால் 'பானைக்குப் போய்விட்டது' என்பார்களாமே? முழுசாக இருந்த இறைச்சியைப் பொடித்துண்டாக நறுக்கிப் பானையில் போட்டதிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தாய். பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்கு வந்ததே கோபம். பானைக்குள்ள போறது கெட்டுப்போறதுன்னா நாம இத்தனை வருஷமா இங்க என்னத்த பண்ணிட்டிருக்கோம் என்று கரண்டியை ஆட்டிக்கொண்டு கேட்டாள். நானும் அவள் கட்சிதான். வெட்டுப்பட்ட ஆட்டுக்கு அது முடிவு, ஒத்துக்கொள்கிறேன். பசியோடு தட்டேந்தி நிற்கிறவனிடம் கேட்டிருந்தால் உன் அகராதியில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

'நாய்களிடம் போய்விட்டது' என்பதைப் பற்றி எங்களுக்குக் கருத்து இல்லை. மனிதர் தின்ன லாயக்கில்லாததை நாய்க்கு வீசுவார்கள், அதனால் என்கிறாய். எங்கள் பின்வாசல் நாய்கள் மிச்சத்தைக்கூட முகர்ந்து பார்த்து, பிடித்தால்தான் தின்கின்றன.

'ஹேவயர்' என்கிற அந்த வைக்கோல் கம்பித் தொடர்தான் எனக்குப் பிடித்தது. வைக்கோல் கட்டை இறுக்குகிற கம்பியால், மரம் வெட்டும் முகாம்களில் உடைந்ததையெல்லாம் கட்டிக் கட்டி ஓட்டினார்களாம். முதலில் அப்படி ஒட்டுப்போட்டு நடக்கிற இடத்துக்கு மட்டும் அந்தப் பெயர் இருந்தது, போகப் போக தாறுமாறாகிப் போன எதற்கும் அதுவே பெயராகிவிட்டது என்று எழுதியிருந்தாய். இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் என்றால் நான் கட்டிக்கொள்ளப் போகிறவர். எங்கள் அடுப்பு, எக்ஸாஸ்ட் ஃபேன், பாத்திரம் கழுவும் மெஷின் எல்லாவற்றுக்கும் அவர்தான் ரிப்பேர்காரர். பையில் எப்போதும் ஒரு சுருள் கட்டுக்கம்பி கிடக்கும், அதனால் இங்கே அவர் பெயர் கம்பிக்காரர். நெடுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, கம்பி மேல தப்பில்லைங்க, கட்டிட்டுப் போனவன் திரும்பி வந்து பாக்கலை, அதான் தப்பு என்றார். வயது ஐம்பத்திரண்டு, மனைவி இறந்து ஒன்பது வருஷம், லேசாகக் குறட்டை உண்டு என்று அவரே ஒத்துக்கொண்டார். பெயர்தான் கம்பிக்காரர், கம்பி நீட்டுகிற ஆள் இல்லை.

நம் பேச்சு மட்டும் என்ன வாழ்கிறது! நேற்று, இந்தப் பாழாப்போன கத்தி எங்கடி என்று நான் போட்ட கூச்சல் தொழிற்சாலை கேட் வரைக்கும் கேட்டிருக்கும். கத்திக்கு ஒரு குறையும் இல்லை, போன மாதம் வாங்கிய புதுக் கத்தி. 'பாழ்' என்பது ஒரு காலத்தில் ஊரே அழிந்து கிடந்ததைச் சொன்ன சொல்லாக இருந்திருக்கும். இப்போது அது காணாமல் போன கத்தியைத் தேடத்தான் உதவுகிறது. இதையும் எங்கேயாவது குறித்து வைத்துக்கொள்.

சரி, இனி அந்த நாலு வரிக்கு வருகிறேன். 'அன்றைக்கு அப்படிச் சொன்ன வாயை வைத்துக்கொண்டு உன் கல்யாணத்துக்கு எப்படி அக்கா சாட்சிக் கையெழுத்துப் போடுவேன்' என்று எழுதியிருக்கிறாய். என்றைக்கு என்று எழுதவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் கல்யாணத்தை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு நான் வாசலில் வந்து நின்ற அன்றைக்கு. உனக்குப் பதினேழு வயது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமல், உன் வாழ்க்கை குட்டிச்சுவரா போச்சுக்கா என்றாய்.

வலித்ததா என்றால் வலித்தது. அப்பா எழுந்து உள்ளே போனதைவிட அது அதிகமாக வலித்தது, நீ என்றால் எனக்கு அவ்வளவு உயிர். ஆனால் மறுநாள் காலை நடந்ததையும் நான் மறக்கவில்லை. வேலை தேடிப் போகலாம் என்று என் பழைய சைக்கிளை எடுத்தேன். மூன்று வருஷம் யாரும் தொடாத சைக்கிள், இரண்டு டயரிலும் காற்று கிண்ணென்று இருந்தது. நீ மேல்படிப்புக்கு வெளியூர் போகும் வரைக்கும் ஒரு நாள்கூட அந்தக் காற்று இறங்கவில்லை. பம்பை நீ கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சைக்கிளில்தான் இந்தக் கேன்டீனுக்கு வந்து வெங்காயம் உரிக்கச் சேர்ந்தேன். இன்றைக்கு நான் உப்புப் பார்க்காமல் இங்கே ஒரு பாத்திரம் அடுப்பை விட்டு இறங்காது.

அப்புறம், குட்டிச்சுவர் என்றால் என்ன? நீ அகராதிக்காரன், உனக்கே தெரியும். கட்டடம் விழுந்த பிறகு அரையாள் உயரத்துக்கு மிஞ்சி நிற்கிற சுவர். கேன்டீனுக்குப் பின்னால் பழைய கிடங்கு இடிந்து அப்படி ஒன்று நிற்கிறது. மூன்று மணிக்கு வேலை முடிந்தால் நாங்கள் வரிசையாக ஏறி உட்காருவது அதன்மேல்தான், என் முழங்காலுக்கு வாகான உயரம். போன வருஷம் அங்கே வைத்துத்தான் கம்பிக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா என்னங்க என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் என் டீ முழுக்க அவர் மேல் கொட்டிவிட்டது. அவர் பாவம், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஆகவே நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, என் வாழ்க்கை குட்டிச்சுவருக்குத்தான் வந்து சேர்ந்தது. நான் அதன்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறேன்.

கல்யாணம் இருபத்து மூன்றாம் தேதி, காலை பத்தரைக்குப் பதிவு அலுவலகத்தில். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போனது உனக்குத் தெரியும். ஒரு தடவை அலுவலகம் விடுமுறை, இன்னொரு தடவை கேன்டீனில் சோதனைக்கு ஆள் வருகிற நாள். இந்தத் தடவை தள்ளாது, நீ வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும். கட்டாயப்படுத்த மாட்டேன். நீ வராவிட்டால் அழுவேன், அழுதால் என் மூக்கு சிவந்து போட்டோ கெட்டுவிடும், அவ்வளவுதான்.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்மேல் ஒரு நாளும் கோபப்படத் தெரியாத,
அக்கா

தம்பிக்கு, கம்பிக்காரன் எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி உங்கள் அக்கா என்னிடம் கொடுத்தார். அடியில் 'நலம் விசாரித்ததாகச் சொல்லவும்' என்று ஒரு வரி மட்டும் எழுத அனுமதி. நான் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன், அவரிடம் சொல்லாதீர்கள்.

முதல் தேதியன்று பதிவு அலுவலகம் திறந்துதான் இருந்தது. இரண்டாவது தேதியில் கேன்டீனுக்குச் சோதனைக்கு யாரும் வரவில்லை. இரண்டு தடவையும், உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்றைக்கே போய்த் தேதியை மாற்றிவிட்டு வந்தார். இருபத்து மூன்றையும் நாளைக் காலையில் போய் மாற்றப் போகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அலுவலகத்துக் கிளார்க், உங்களுக்கு நெஜமாவே கல்யாணம் பண்ற எண்ணம் இருக்கா என்று என்னைக் கேட்டுவிட்டார்.

எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை தம்பி, எத்தனை மாதமானாலும் காத்திருப்பேன். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அதுதான் கல்யாணத் தேதி என்று கிளார்க்கிடம் சொல்லிவிடுகிறேன்.